பிள்ளைகளை எங்கே கூட்டிக்கொண்டு போவது? - கேள்வி பதில்

திருவாரூர்ப் பக்கம் அரசுப் பள்ளியில் அறிவியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பள்ளிச் சுற்றுச்சூழல் மன்றமான பசுமைப் படைப் பிள்ளைகளோடு வயல், வாய்க்கால், ஏரி, கடற்கரை என்று சுற்றியதுதான் அந்த வேலையில் எனக்குப் பிடித்தது. களப்பயணம் பற்றி வந்த கேள்விகளுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஏழாம் வகுப்பு, 42 பிள்ளைகள், ஒரே நாள். கோடிக்கரை, முத்துப்பேட்டை, கல்லணை மூன்றில் எது சார்? (மன்னார்குடி ஆசிரியை)

மூன்றும் வேண்டாம் டீச்சர். உங்களுக்குத் தஞ்சாவூர் சாலையிலேயே வடுவூர் ஏரி இருக்கிறது. 2022-இல் ராம்சர் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ந்த பறவைகள் சரணாலயம். முத்துப்பேட்டைக் காயலுக்குப் படகில்தான் போக முடியும்; 42 பேரை ஏற்றி இறக்குவதிலேயே பாதி நாள் போய்விடும். கோடிக்கரையில் வெளிமான் நன்றாகவே தெரியும். ஆனால் பூநாரை தூரத்தில் நிற்கும், தொலைநோக்கி இல்லாவிட்டால் பிள்ளைகளுக்கு அது வெளிறிய ஒரு கோடு. அதை ஒன்பது, பத்தாம் வகுப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த மாதம் போகலாம்? (கும்பகோணம்)

பொங்கல் முடிந்ததிலிருந்து பிப்ரவரி கடைசி வரை. ஐப்பசி, கார்த்திகையில் தேதி குறித்தால் மழை விடுமுறை வந்து நிற்கும். ஏப்ரலுக்குத் தள்ளிப்போட்டால் என்ன ஆகும் என்பதை நான் பட்டே தெரிந்துகொண்டேன். பறவை ஏரி என்று சொல்லி ஒரு வண்டிப் பிள்ளைகளைக் கூட்டிப் போனேன். ஏரி வெடித்துக் கிடந்தது, நடுவில் ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. இந்த ஏரிகள் பாசனத்துக்கு வெட்டியவை, ஆற்றில் தண்ணீர் வந்தால்தான் இவற்றிலும் தண்ணீர். மேட்டூர் அணையை ஜூன் 12-இல் திறப்பது வழக்கம் என்று பாடம் நடத்தியவனே இதை யோசிக்கவில்லை! பிள்ளைகள் கோபிக்கவில்லை, வெடிப்பில் கிடந்த நத்தை ஓடுகளைப் பொறுக்க ஆரம்பித்துவிட்டார்கள். நத்தைகுத்தி நாரையின் அலகு நடுவில் ஏன் இடைவெளி விட்டிருக்கிறது என்று அன்றைக்குத்தான் அவர்களுக்குச் சொன்னேன்.

எங்களுடையது ஒன்றியப் பள்ளி. வண்டி வைக்கப் பணமே இல்லை. என்ன செய்வது? (திருத்துறைப்பூண்டி பக்கம்)

வண்டியே வேண்டாம். பள்ளிக்குப் பின்னால் ஒரு வாய்க்காலாவது இருக்குமே? அங்கேயே மூன்று முறை போங்கள்: புதுத்தண்ணீர் வந்ததும் ஒருமுறை, சம்பா பச்சை கட்டி நிற்கும்போது ஒருமுறை, அறுப்பு முடிந்து ஒருமுறை. தூர ஊருக்கு ஒருநாள் போய் வருவதைவிட இதில் பிள்ளைகள் அதிகம் பார்க்கிறார்கள் என்பது என் அனுபவம். ஒரே இடம் மாறுவதைப் பார்க்கும்போதுதான் "ஏன் சார்?" என்ற கேள்வி வருகிறது.

செலவில்லாத சோதனை ஒன்றும் சொல்கிறேன். கண்ணாடி பாட்டிலில் கால் பங்கு மண், மீதி தண்ணீர். நன்றாகக் குலுக்கி அசையாமல் வையுங்கள். மணல் ஒரு நிமிடத்துக்குள் அடியில் உட்கார்ந்துவிடும். அதன் மேல் வண்டல் மெதுவாகப் படியும். களி மட்டும் மறுநாள் வந்து பார்த்தாலும் தண்ணீரைக் கலங்கலாகவே வைத்திருக்கும். கல்லணைப் பக்கம் சொந்தக்காரர் இருந்தால் ஒரு பை ஆற்று மண் கொண்டுவரச் சொல்லி, உங்கள் வயல் மண்ணோடு பக்கத்தில் வைத்துக் குலுக்கிப் பாருங்கள். ஓட்டம் வேகமாக இருக்கும் இடத்தில் கனமான மணல் நின்றுவிடும். ஆறு பல கிளையாகப் பிரிந்து வேகம் குறைந்த பிறகு களி படியும். டெல்டா உண்டான கதையே அவ்வளவுதான். வரைபடத்தில் பத்து முறை காட்டியும் என் பிள்ளைகளுக்குப் புரியாதது பாட்டிலில் புரிந்தது.

பாம்பு, தண்ணீர் என்று பெற்றோர் பயப்படுகிறார்கள். (மயிலாடுதுறை தலைமையாசிரியர்)

அந்தப் பயம் நியாயமானதுதான், சமாதானம் சொல்லி மழுப்பாதீர்கள் ஐயா. கொள்ளிடத்தில் யாரையும் இறங்க விடாதீர்கள், முழங்கால் ஆழம் என்றாலும் கூடாது. மணல் அள்ளிய குழி மேலே தெரியாது. பத்துப் பிள்ளைக்கு ஒரு பெரியவர், மணிக்கொரு தரம் தலை எண்ணிக்கை. வரப்பில் செருப்போ ஷூவோ கட்டாயம், வளைக்குள் கை விடக்கூடாது, திரும்பியதும் சோப்பு போட்டுக் கை கால் கழுவ வேண்டும். பாம்பு கடித்தால் கீறுவது, கட்டுப் போடுவது, பச்சிலை எதுவும் வேண்டாம். பிள்ளையை நடக்க விடாமல் 108-ஐக் கூப்பிட்டு நேரே அரசு மருத்துவமனை. இதையெல்லாம் ஒப்புதல் கடிதத்திலேயே எழுதிவிட்டால் பெற்றோர் பாதி சமாதானமாவார்கள்.

பயிற்சித்தாள் கொடுக்கலாமா? (திருவையாறு, புது ஆசிரியர்)

நான் இரண்டு பக்கத்துக்குக் கொடுத்தவன்தான் தம்பி. ஏரிக்கரையில் நின்றுகொண்டு எல்லோரும் தாளையே பார்த்தார்கள். அப்புறம் அரைத்தாளும் பென்சிலும் மட்டும்தான். பத்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்து ஒரே ஒன்றை வரைய வேண்டும், பெயர் பிறகு கேட்கலாம். ஒரு ஆறாம் வகுப்புப் பையன் எழுதியிருந்தான்: "உட்கார்ந்தா மண்ணு, பறந்தா வெள்ளை." அது மடையான். இதைவிட நல்ல விளக்கம் நான் கொடுத்திருக்க முடியாது.

அலையாத்திக் காடு சுனாமியைத் தடுக்கும் சுவர் என்று சொல்லிக்கொடுக்கலாமா? (முத்துப்பேட்டை)

சுவர் என்று சொல்லாதீர்கள். அலையின் வேகத்தைக் குறைக்கும், அது உண்மை. ஆனால் 2018 நவம்பர் 16-இல் கஜா புயல் வந்தபோது அந்தக் காடும் முறிந்ததை உங்கள் ஊர்ப் பிள்ளைகளே பார்த்திருக்கிறார்கள். அலையாத்தி இலையை நாக்கில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், உப்புக் கரிக்கும். மரம் வேண்டாத உப்பை இலை வழியாக வெளியே தள்ளுகிறது. சேற்றிலிருந்து குச்சி குச்சியாக நீட்டியிருப்பவை மூச்சுவேர்கள். அவற்றை மிதிக்காமல் நடக்கப் பழக்குங்கள்.

எங்க சார் எங்கேயும் கூட்டிட்டுப் போக மாட்டேங்கிறார். நான் தனியா என்ன செய்யலாம்? (ஒன்பதாம் வகுப்பு, நாகப்பட்டினம்)

பொங்கல் விடுமுறையில் பறவைக் கணக்கெடுப்பு நடக்கும் தம்பி. வீட்டில் யாரையாவது துணைக்குக் கூட்டிக்கொண்டு குளக்கரையில் 15 நிமிடம் நின்று எண்ணினால் போதும். ஈபேர்ட் செயலியில் பதியலாம், காசு கிடையாது. முதலில் வெள்ளைக் கொக்குகளைப் பிரித்துப் பார். அலகு மஞ்சளாக, மாட்டுக்குப் பின்னாலேயே நடந்தால் பெரும்பாலும் உண்ணிக்கொக்கு. அலகும் காலும் கறுப்பு, பாதம் மட்டும் மஞ்சள் என்றால் சின்னக் கொக்கு. எழுதிய நோட்டை உங்கள் சாரிடமும் காட்டு.