அம்மனிடம் கோபப்படலாமா?

மதிப்பிற்குரிய ஆலோசகர் அம்மாவுக்கு,

அம்பாசமுத்திரம் பக்கத்துக் கிராமத்திலிருந்து எழுதுகிறேன். வயது 52. மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை, கீமோ, கரண்ட் வைப்பது (கதிர்வீச்சு) எல்லாம் முடிந்து, இப்போது நோய் திரும்பாமலிருக்கத் தமாக்சிஃபென் மாத்திரை சாப்பிட்டு வருகிறேன். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து எங்கள் ஊர் முப்பிடாதி அம்மனுக்குச் செவ்வாய்தோறும் பிச்சிப்பூ கட்டிக் கொடுத்துவந்தேன். கீமோவுக்குப் பிறகு விரல் நுனிகள் மரத்துப்போய், நார் பிடிபடுவதில்லை. ‘இத்தனை வருடம் பூ கொடுத்தவளுக்கு இதையா கொடுத்தாய்’ என்ற கோபத்தில் இந்த ஆண்டு கோவில் கொடை விழாவுக்கும் போகவில்லை. இரவில் தூக்கமில்லை. அழுதால், “மனசு தளர்ந்தா நோய் திரும்பிரும், சாமியக் கோபிச்சா பாவம்” என்று மதினி தடுக்கிறார். அதனால் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுகிறேன். நான் செய்வது பாவமா? என் கோபமே நோயைத் திரும்பக் கொண்டுவந்துவிடுமா?

- ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன்; அந்தப் பயம்தான் உங்களைக் குளியலறைக்குள் அடைத்துவைத்திருக்கிறது. அழுகையும் கோபமும் புற்றுநோயைத் திரும்பக் கொண்டுவரும் என்பதற்கு நம்பத்தகுந்த சான்று இல்லை. தலை, கழுத்துப் புற்றுநோய் கண்ட 1,093 பேரை ஆராய்ந்து 2007இல் அமெரிக்க ஆய்வாளர்கள் வெளியிட்ட முடிவிலும், மனநிலைக்கும் உயிர்வாழும் காலத்துக்கும் தொடர்பு காணப்படவில்லை. மதினி அன்பினால்தான் தடுக்கிறார். ஆனாலும் தைரியமாக இருந்தே தீரவேண்டும் என்ற கட்டாயம் நோயாளியின் தலையில் இன்னொரு சுமை என்றே நான் கருதுகிறேன். அவரிடம், “பதில் ஒண்ணும் சொல்லவேண்டாம் மதினி, நான் அழுது முடிக்கிறவரைக்கும் பக்கத்துல இருங்க” என்று கேட்டுப் பாருங்கள்.

கோபம் பாவமல்ல. நம் ஊர்ப் பெண்கள் அம்மன் சந்நிதியில் நின்று, “ஒனக்குக் கண்ணு இல்லையா தாயே” என்று கேட்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். உறவு இருக்கும் இடத்தில்தானே அப்படிக் கேட்க முடியும்? வலித்தணிப்பு மருத்துவத்துக்கு அடித்தளமிட்ட இங்கிலாந்து மருத்துவர் சிசிலி சாண்டர்ஸ், நோயாளியின் வலி என்பது உடல், மனம், குடும்பச் சூழல், ஆன்மிகம் ஆகிய நான்கும் பின்னியது என்று 1960களிலேயே வலியுறுத்தினார். உங்கள் கடிதத்தில் அது அப்படியே தெரிகிறது: நீங்கள் அம்மனோடு பேசிவந்தது அந்தப் பூ வழியாகத்தான், விரல் மரத்ததும் அந்தப் பேச்சும் நின்றுபோய்விட்டது.

சில கீமோ மருந்துகள் நரம்பு நுனிகளைப் பாதிப்பதால் இந்த மரமரப்பு வருகிறது. பலருக்கு மாதங்கள் செல்லச் செல்லக் குறையும், சிலருக்கு நீடிக்கும். ஆகவே அடுத்த பரிசோதனையில் மருத்துவரிடம் சொல்லி, விரல் பயிற்சியும் கேட்டுக்கொள்ளுங்கள். அதுவரை அரிவாள்மனையிலும் சூடான பாத்திரத்திலும் கவனம் தேவை. கோவிலுக்குப் போக மனம் வரும்போது உதிரிப்பூவாகக் கொண்டுபோகலாம். வராதவரை உங்களை நீங்களே வற்புறுத்த வேண்டாம்.

தூக்கமின்மையும் எதிலும் பிடிப்பின்மையும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், அது மனச்சோர்வாக இருக்கலாம். பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பாருங்கள். அப்போது தமாக்சிஃபென் அட்டையை மறவாமல் காட்டுங்கள். மனச்சோர்வுக்கான சில மருந்துகள் அதன் பலனைக் குறைக்கக்கூடும் என்பதால், பொருத்தமானதை அவர் தேர்ந்து தருவார். இனி எதற்கு இருக்கவேண்டும் என்ற எண்ணம் எந்த நேரத்தில் தலைகாட்டினாலும், விடியட்டும் என்று காத்திராமல் 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணில் பேசுங்கள். இரவிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.