ஆறு ஸ்டிரிங் பேஸ் முடிந்தது, அடுத்து எது?

மார்த்தாண்டம் பக்கம் சின்னப் பட்டறை வைத்து பேஸ் கிட்டார் (தாழ்ந்த சுரங்களுக்கான கிட்டார்) செய்கிறேன். போன மாதம் ஒரு ஆறு ஸ்டிரிங் பேஸை முடித்தேன். அடுத்து என்ன செய்யலாம் என்று யோசிக்கிறேன் எனச் சொன்னதும் நிறையக் கேள்விகள் வந்தன. பொதுவானவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

குழித்துறை தம்பி: அண்ணா, ஆறு முடிந்தால் ஏழு, அப்புறம் ஒன்பது, இதுதானே வரிசை?

இல்லை தம்பி. ஸ்டிரிங்கைக் கூட்ட இரண்டு வழி இருக்கிறது. முதல் வழி, கீழேயும் மேலேயும் புதுச் சுரங்களைச் சேர்ப்பது. சாதாரண பேஸின் நான்கு ஸ்டிரிங்குக்கும் ஈ, ஏ, டி, ஜி என்ற சுரங்கள். அமெரிக்க பேஸ் கலைஞர் அந்தோணி ஜாக்சனுக்காக, கிட்டார் செய்பவரான கார்ல் தாம்சன் 1975இல் செய்த ஆறு ஸ்டிரிங் பேஸ் இந்த வழியில் வந்தது. இன்றைய ஆறு ஸ்டிரிங்கில் கீழே பி, மேலே சி சேர்ந்திருக்கும். இரண்டாவது வழி, அதே நான்கு சுரத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு ஸ்தாயி மேலே மெல்லிய ஸ்டிரிங்கை ஜோடி சேர்ப்பது. எட்டும் பன்னிரண்டும் பெரும்பாலும் இந்த வகை. முதல் வழியில் வாசிப்பவரின் கை புதிதாகப் பழக வேண்டும். இரண்டாவதில் கைக்குப் பழைய பாதைதான், சத்தம் மட்டும் மாறும்.

நாகர்கோவில் வாசகர்: ஏழு ஸ்டிரிங்கில் கீழே எஃப் ஷார்ப் வைத்தால் கேட்குமா?

எஃப் ஷார்ப் 23 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 23 அதிர்வு) அளவில் இருக்கிறது. பி 31, ஈ 41. நம் காது ஏறக்குறைய 20 வரை உணரும் என்பார்கள். ஆனால் பெரும்பாலான பேஸ் ஸ்பீக்கர்கள் 40க்குக் கீழே தளர்ந்துவிடும். நமக்குக் கேட்பது அந்தச் சுரத்தின் மேல் அதிர்வுகள்தான். தனியாக வாசித்தால் சுகமாக இருக்கும். ஓடு போட்ட ஆலயத்தில் குயரோடு (பாடகர் குழுவோடு) சேர்ந்தால் வெறும் உறுமலாகிவிடும். அதனால் ஏழு வேண்டும் என்றால் மேலே ஒரு எஃப் சேருங்கள் என்பேன். அப்புறம் அகலம். ஸ்டிரிங்குகளுக்கு நடுவே 19 மில்லிமீட்டர் இடைவெளி வைத்தால், உடலில் ஸ்டிரிங்கைத் தாங்கும் பிரிட்ஜில் முதல் ஸ்டிரிங்குக்கும் ஏழாவதுக்கும் நடுவே 114 மில்லிமீட்டர். 16.5 ஆகக் குறைத்தால் 99. ஆறு ஸ்டிரிங் பழகிய கைக்கு அது ஒத்துவரும்.

தக்கலை அக்கா: என் மகன் ஐந்து ஸ்டிரிங் வாசிக்கிறான். பி ஸ்டிரிங் தொளதொளவென்று இருக்கிறது என்கிறான். ஸ்டிரிங் அதிரும் நீளத்தைக் கூட்டினால் சரியாகுமா?

கொஞ்சம் சரியாகும் அக்கா. அதே ஸ்டிரிங், அதே சுருதி என்றால் இழுவிசை நீளத்தின் வர்க்கத்தைப் பொறுத்துக் கூடும். 34 அங்குலத்தை 35 ஆக்கினால் கிட்டத்தட்ட 6 சதவீதம், 37 ஆக்கினால் 18 சதவீதம். ஆனால் ஜி ஸ்டிரிங்கும் சேர்ந்து விறைக்கும். அதற்குத்தான் சாய்ந்த ஃபிரெட்; கழுத்தில் குறுக்கே பதிக்கும் கம்பிகளைச் சாய்த்து வைத்தால் பி ஸ்டிரிங் நீளமாகவும் ஜி குட்டையாகவும் இருக்கும். ரால்ஃப் நோவாக் 1989இல் அதற்குக் காப்புரிமை வாங்கினார். புதுக் கிட்டார் செய்வதற்கு முன்னால் தடித்த பி ஸ்டிரிங் ஒன்றைப் போட்டுப் பாருங்கள். பாதிப் பேருக்கு அதுவே போதும்.

குளச்சல் அண்ணன்: பன்னிரண்டு ஸ்டிரிங் செய்யேன். நம்ம ஊரில் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

ஆசை எனக்கும் உண்டு அண்ணே. ஒரு தடித்த ஸ்டிரிங்குக்கு இரண்டு மெல்லியவை, மூன்று மூன்றாக நான்கு கூட்டம். 1970களில் ஹேமர் என்ற கிட்டார் நிறுவனம், சீப் டிரிக் இசைக்குழுவின் பேஸ் கலைஞர் டாம் பீட்டர்சனுக்காகச் செய்த வகை இது. சத்தம் ஆர்கன் மாதிரி விரியும். ஆனால் கழுத்து தாங்கும் இழுவிசை நான்கு ஸ்டிரிங்கைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் போகும். கழுத்துக்குள் வளைவை நிமிர்த்த வைக்கும் உலோகக் கம்பி, அதாவது டிரஸ் ராடு, இரண்டு கட்டாயம் வேண்டும். சுருதி கூட்டும் பன்னிரண்டு சாவியும் தலையில் ஏறினால், தோளில் மாட்டியதும் தலை கீழே சாயும். அந்தச் சாவிகளில் எட்டு, சாதாரணக் கிட்டார் சாவியாக இருந்தால் போதும். அதில்தான் எடை குறையும்.

திருவட்டார் தம்பி: நம்ம ஊர் மரம் சரிப்படுமா அண்ணா?

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், என் கை சுட்ட இடம் இது. உடலுக்கு அயினி நன்றாகவே இருக்கும்; வள்ளமும் கதவும் செய்து பழகிய மரம். பலாவும் சரி, வீணையும் மிருதங்கமும் அதில்தானே செய்கிறோம். கழுத்துக்குத் தேக்கை மூன்று அல்லது ஐந்து பட்டையாக அறுத்து, ரேகையை எதிரெதிராகத் திருப்பி ஒட்டுங்கள். நம் மாவட்டத்துக்கு ஆனியில் ஒரு மழை, ஐப்பசியில் ஒரு மழை. மில்லில் அறுத்த பலகையை உடனே எடுத்து ஐந்து ஸ்டிரிங் ஒன்று செய்தேன். ஐப்பசி மழையில் கழுத்து முறுக்கிக்கொண்டது. டிரஸ் ராடு வளைவைத்தான் நிமிர்த்தும், முறுக்கை எடுக்காது. இப்போது பலகையைக் காற்றோட்டமான பரணில் இரண்டு மழைக்காலம் போட்டுவைத்த பிறகுதான் தொடுகிறேன். கடலோரத்தில் இருப்பவர்கள் ஸ்டெயின்லெஸ் ஃபிரெட் போடுங்கள். உப்புக்காற்றில் பிரிட்ஜ் திருகுகளும் சீக்கிரம் துருப்பிடிக்கும்.

அருமனை வாசகர்: சரி, கடைசியில் எதைச் செய்யப் போகிறீர்கள்?

எட்டு ஸ்டிரிங், நான்கு ஜோடி. 34 அங்குலம், அயினி உடல், தேக்குக் கழுத்து. எங்கள் குயரில் சில ஞாயிறுகளில் கீபோர்டும் பேஸும் மட்டும்தான் இருக்கும். அந்த வெற்றிடத்தை மேல் ஸ்தாயி ஸ்டிரிங் நிரப்பும். ஒவ்வொரு ஸ்டிரிங்குக்கும் தனித்தனி சேடில் (ஸ்டிரிங் உட்காரும் சின்னத் துண்டு) உள்ள பிரிட்ஜ் வேண்டும், இல்லாவிட்டால் பன்னிரண்டாவது ஃபிரெட்டில் ஜோடி இரண்டும் இரண்டு சுருதி பேசும். விரலால் வாசிப்பவன் என்பதால் ஜோடியில் தடித்த ஸ்டிரிங்கைத் தரைப்பக்கம் வைக்கிறேன். விரல் மேல்நோக்கி இழுக்கும்போது முதலில் படுவது அதுதான். பிக்கால் (விரலில் பிடித்து மீட்டும் சின்னத் தகடு) கீழ்நோக்கி அடிப்பவர்கள் இதை மாற்றி வைத்துக்கொள்ளலாம். கழுத்துக்கான பட்டைகளை நேற்றுதான் பரணில் இருந்து இறக்கினேன்.