18 முடிந்த பிறகு: ஹோமில் வளர்ந்த பிள்ளைகளின் படிப்பும் வேலையும் (கேள்வி பதில்)

குழந்தைகள் இல்லங்களில் வளர்ந்து வெளியே வரும் பிள்ளைகளுக்கு மேற்படிப்பு, வேலை, சான்றிதழ் விஷயங்களில் உதவுகிறேன். கேட்டவர்களில் சிலருக்கு இங்கே பதில். பெரும்பாலும் தமிழ்நாட்டு நடைமுறை.

கேள்வி: அக்கா, நான் ப்ளஸ் டூ. மார்ச்சில் 18 முடியுது. பரீட்சை முடிஞ்சதும் கிளம்பணும்னு ஹோமில் சொல்றாங்க. எனக்கு நர்சிங் படிக்கணும். எங்கே போய்த் தங்குவேன்?

பதில்: 18 முடிந்தால் குழந்தைகள் இல்லத்தில் தொடர முடியாது என்பது சரிதான்மா. ஆனால் உன்னை அதோடு விட்டுவிடச் சட்டம் சொல்லவில்லை. 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தில் பிற்காப்பு என்று ஓர் ஏற்பாடு இருக்கிறது. 21 வயது வரை, தவிர்க்க முடியாத நிலையில் 23 வரை, தங்குமிடமோ பண உதவியோ கேட்கலாம். மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் இதற்கு மாதம் 4,000 ரூபாய். தானாக வீடு தேடி வராது, நீதான் கேட்க வேண்டும். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கும் குழந்தைகள் நலக் குழுவுக்கும் பிறந்தநாளுக்கு முன்பே எழுத்தில் மனு கொடு. மனுவின் நகலில் முத்திரை வாங்கி வைத்துக்கொள். நர்சிங் படிக்கப் போகிறேன் என்பதையும் அதில் எழுது. உன் பெயரில் ஹோமில் ஒரு தனிநபர் பராமரிப்புத் திட்டம் இருந்தாக வேண்டும். அதிலும் இதைச் சேர்க்கச் சொல்.

கேள்வி: அம்மா அப்பா யாரென்றே தெரியாது. மூன்று வயதிலிருந்து இல்லத்தில் இருக்கிறேன். சாதிச் சான்றிதழ் கேட்டால் என்ன செய்வது?

பதில்: பலருக்குத் தெரியாத விஷயம் இது. தமிழ்நாட்டின் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலிலேயே ஆதரவற்ற குழந்தைகளுக்கு ஓர் இடம் இருக்கிறது. 10 வயதுக்குள் பெற்றோரை இழந்திருக்க வேண்டும்; சட்டப்படியோ வழக்கப்படியோ பார்த்துக்கொள்ள வேறு யாரும் இருக்கக் கூடாது; அரசு நடத்தும் அல்லது அரசு அங்கீகரித்த பள்ளியிலோ இல்லத்திலோ சேர்ந்திருக்க வேண்டும். மூன்றும் பொருந்தினால் நீங்கள் பி.சி. தாலுகா அலுவலகத்தில் "சாதி தெரியாமல் எப்படிக் கொடுப்பது?" என்று கேட்பார்கள். சண்டை போடாதீர்கள். பட்டியலில் அந்த வரி இருக்கும் பக்கத்தை நகலெடுத்து, உங்களை இல்லத்தில் சேர்த்த குழந்தைகள் நலக் குழுவின் உத்தரவோடு சேர்த்து மேஜையில் வையுங்கள்.

இதைப் பத்தாம் வகுப்பிலேயே முடித்துவிடுவது நல்லது. கவுன்சலிங் நேரத்தில் அலைந்தால் சீட்டு கைவிட்டுப் போகும்.

கேள்வி: நான் ஒரு இல்லத்தின் வார்டன். எங்கள் பிள்ளைகள் பக்கத்திலிருக்கும் அரசு உதவிபெறும் பள்ளியில் படிக்கிறார்கள். அதில் ஒரு பெண்ணுக்கு டாக்டராக வேண்டுமாம். வாய்ப்பு உண்டா?

பதில்: நீட் எழுதிப் பொதுப் போட்டியில் வரலாம். ஆனால் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடு அவளுக்குக் கிடைக்காது. இந்த ஒதுக்கீடு 2020இல் மருத்துவப் படிப்புக்கு வந்தது. மறு வருடம் பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற படிப்புகளுக்கும் விரிந்தது. அதற்கு ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். உதவிபெறும் பள்ளி கணக்கில் வராது. இந்த ஒதுக்கீட்டில் போகிற பிள்ளைகளுக்குக் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. வீடென்று ஒன்று இல்லாத பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிது என்று உங்களுக்கே தெரியும். வசதிக்காக, அறக்கட்டளையின் சொந்தப் பள்ளி என்பதற்காக ஐந்தாம் வகுப்பு முடித்த பிள்ளைகளை அங்கேயே சேர்க்கிறோம். ஏழு வருடம் கழித்து அது எந்தக் கதவை மூடும் என்று யாரும் யோசிப்பதில்லை. எனக்கு இதில் கோபமே உண்டு. அந்தப் பெண்ணுக்கு இனி மாற்ற முடியாது. ஆறாம் வகுப்புக்குப் போகும் மற்ற பிள்ளைகளையாவது பாருங்கள்.

அவளுக்குப் புதுமைப் பெண் திட்டம் இருக்கிறது. தமிழ்வழியில் படித்திருந்தால், உதவிபெறும் பள்ளி மாணவிக்கும் கல்லூரியில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும்.

கேள்வி: ஹோமில் வளர்ந்து ஐ.ஏ.எஸ். ஆனவர்கள் நிஜமாகவே இருக்கிறார்களா? சும்மா உற்சாகப்படுத்தச் சொல்கிறார்களா?

பதில்: இருக்கிறார்கள் தம்பி. கேரளத்தின் முகமது அலி ஷிஹாப் அப்பா இறந்தபின் அநாதை இல்லத்தில் வளர்ந்தவர். மூன்றாவது முயற்சியில் 226ஆம் இடம் பிடித்து நாகாலாந்தில் ஐ.ஏ.எஸ். அதிகாரியானார். பத்திரிகைகள் இந்தக் கடைசி வரியைத்தான் பெரிதாகப் போடும். நான் கவனிக்கச் சொல்வது நடுவில் இருப்பதை: சின்னச் சின்ன அரசுத் தேர்வுகளை எழுதி, வேலையில் இருந்துகொண்டே மேலே போனார். தோற்றால் திரும்பிப் போக வீடில்லாதவனுக்கு அதுதான் சரியான வரிசை. முதலில் குரூப் 4 எழுது.

மகாராஷ்டிரத்தின் அம்ருதா கர்வண்டேயையும் தெரிந்துகொள். கோவா இல்லத்தில் வளர்ந்தவர், மாநிலத் தேர்வில் தன்னைப் போன்றவர்களுக்குத் தனிப் பிரிவு இல்லை என்று போராடினார். 2018இல் அங்கே ஆதரவற்றோருக்கு 1 சதவீத இட ஒதுக்கீடு வந்தது.

கேள்வி: கேட்டரிங் முடித்துவிட்டேன், துபாய் போக வேண்டும். பிறப்புச் சான்றிதழ் கிடையாது. பாஸ்போர்ட்?

பதில்: கிடைக்கும். பிறந்த தேதியை உறுதிசெய்து இல்லத் தலைவர் லெட்டர்பேடில் தரும் கடிதத்தை ஏற்றுக்கொள்கிறார்கள். ஆதாரில் வேறு தேதி இருந்தால் அதை முதலில் திருத்துங்கள்.

கேள்வி: ஹோம் பிள்ளைகளுக்கு வருஷா வருஷம் என் பிறந்தநாளில் பிரியாணி போடுகிறேன். வேறென்ன செய்யலாம்?

பதில்: பிரியாணி போட நிறையப் பேர் இருக்கிறார்கள் சார். கல்லூரியில் சேர்ந்த பிள்ளைக்கு தீபாவளி லீவில் விடுதியைப் பூட்டிவிடுவார்கள். அந்த நான்கு நாள் எங்கே போவது? வாடகை வீட்டுக்கு யார் ஜாமீன்? ஆஸ்பத்திரியில் "கூட யார் வந்திருக்காங்க?" என்று கேட்டால் யார் பெயரைச் சொல்வது? இல்லத்தையும் பாதுகாப்பு அலகையும் கேட்டு, முறையாக ஒரே ஒரு பிள்ளைக்கு அந்த ஆளாக இருங்கள்.

கேள்வி: கொரோனாவில் அப்பா அம்மா இரண்டு பேரும் போய்ட்டாங்க. அடுத்த வருஷம் எனக்கு 23. பி.எம். கேர்ஸ் பணம் 10 லட்சம் வரும். மாமா வீடு கட்டக் கேட்கிறார். வளர்த்தவர், மறுக்க முடியலை.

பதில்: பணம் உன் பெயருக்கு வருவது, முடிவும் உன்னுடையது. மாமாவுக்குச் செய்ய நினைத்தால் சம்பளத்தில் செய். இந்தப் பணத்தைத் தொடாதே. வந்த அன்றே பாதிக்கு மேல் நிரந்தர வைப்பில் போட்டுவிடு. மாமா மறுபடி கேட்டால், பேங்கில் போட்டாச்சு, இப்போது எடுக்க முடியாது என்று சொல்.