யாப்பிங்காச்சோ கல்லில் ஒட்டி உடைவது ஏன்?

கேள்வி: ஈக்வடார் நாட்டின் யாப்பிங்காச்சோவை வீட்டில் செய்து பார்த்தேன். உருளைக்கிழங்கு வட்டுகள் தோசைக்கல்லில் ஒட்டி உடைந்து, உள்ளே வைத்த சீஸ் வழிந்துவிட்டது. முட்டையோ மைதாவோ சேர்க்கலாமா?

பதில்: இரண்டுமே வேண்டாம். சேர்த்தால் வட்டு உடையாது என்பது உண்மைதான். ஆனால் துங்குராவா மாகாணத்தின் அம்பாட்டோ நகரம் பெயர்பெற்ற அந்த மென்மை போய், அது வெறும் கட்லெட்டாகிவிடும். இக்குறைக்குப் பெரும்பாலும் காரணம் கிழங்கில் தங்கிய நீரும், பிசைந்த கிழங்கு ஆறும் முன்பே தட்டிவிடும் அவசரமுமே.

அங்கு பயன்படும் 'சோலா' வகைக் கிழங்கில் மாவுச்சத்து மிகுதி. அது கிடைக்காதபோது, வெந்ததும் பொலபொலவென உதிரும் முற்றிய கிழங்கைத் தேர்ந்தெடுங்கள். உப்பு நீரில் வேகவைத்து வடித்த பிறகு, அதே பாத்திரத்தில் சிறு தீயில் ஓரிரு நிமிடம் புரட்டி ஈரத்தைப் போக்கி, சூடு ஆறுவதற்குள் மசிக்க வேண்டும். மிக்ஸியில் அரைத்தால் மாவுச்சத்து வெளிப்பட்டுக் கிழங்கு பசையாகிவிடும். அச்சியோத்தே என்னும் செந்நிற விதையின் நிறம் இறங்கிய எண்ணெயில் பொடியாக நறுக்கிய வெங்காயத்தை வதக்கி இதனுடன் பிசையுங்கள்; பால் சேர்க்காதீர்கள்.

அடுத்ததே முக்கியமான கட்டம். வேகும்போது நீரை உறிஞ்சி நெகிழ்ந்த மாவுச்சத்து ஆற ஆற மீண்டும் இறுகுவதால், பிசைந்ததை மூடி ஒரு மணி நேரம் விட்டுவைத்தாலே முட்டை செய்யும் வேலையை அது தானே செய்துகொள்ளும். பிறகு எலுமிச்சை அளவு உருண்டையில் குழிசெய்து சீஸை வைத்து, விரிசல் இல்லாமல் மூடி, 1.5 சென்டிமீட்டர் கனத்துக்குத் தட்டி, குளிர்பெட்டியில் 30 நிமிடம் வையுங்கள். (பனீர் உருகாது, உப்புக் குறைந்த மொசரெல்லா பொருந்தும்.)

கனமான கல்லை நன்றாகக் காயவைத்து, மிதமான தீயில், மெல்லிய எண்ணெய்ப் பூச்சில் வட்டுகளை இடைவெளிவிட்டு இடுங்கள். அடிப்பக்கம் பொன்னிறமாக முறுகியதும் அது தானாகவே கல்லைவிட்டு எழும்பும். அதற்கு முன் தோசைத்திருப்பியை நுழைப்பதால்தான் பாதி வட்டுகள் உடைகின்றன. ஒரே ஒருமுறை திருப்பினால் போதும்.

பொரித்த முட்டை, அவகாடோ, வேர்க்கடலைச் சாறு ஆகியவற்றுடன் பரிமாறுவது அங்குள்ள வழக்கம். வறுத்த வேர்க்கடலை விழுதைப் பாலில் கரைத்து, வெங்காயமும் சீரகமும் சேர்த்துக் காய்ச்சும் அச்சாறு ஆறினால் கெட்டிப்படும் என்பதால், சற்றுத் தளர்வாக இருக்கும்போதே இறக்கிவிடுங்கள்.