டவுன்ஹாலில் இறங்குங்கள், மீதியை நடந்து பேசலாம்

வாசகர் கேள்வி – பதில்

(பதில் எழுதுபவர் ஓய்வுபெற்ற சமூக அறிவியல் ஆசிரியை. பத்து வருடங்களாகப் பழைய கோவை டவுனை வெளியூர்க்காரர்களுக்கு நடந்து காட்டி வருகிறார்.)

மகனும் மருமகளும் தை மாதம் பூனாவிலிருந்து வருகிறார்கள். மருமகள் மராட்டியப் பெண். "கோயமுத்தூரை நமக்கு மட்டும் தனியாக யாராவது நடந்து காட்டுவார்களா?" என்று கேட்கிறாள். என் வீட்டுக்காரரோ, "அங்க பாக்க என்ன இருக்குது, துணி எடுக்கிற ஊரு" என்கிறார். காசு கொடுத்து நடக்கும் அளவுக்கு ஏதாவது இருக்கிறதா?
– வாசகி, கோபிசெட்டிபாளையம்

உங்கள் வீட்டுக்காரர் சொல்வதைப் பலர் வாயாலும் கேட்டிருக்கிறேன். கோபியிலிருந்து வருபவர் காந்திபுரத்தில் இறங்குவார், கிராஸ்கட் ரோட்டில் துணி எடுப்பார், ஆஸ்பத்திரியில் ஒரு சொந்தக்காரரைப் பார்ப்பார், சாயங்கால பஸ்ஸுக்குத் திரும்பிவிடுவார். அவர் பார்த்த கோயமுத்தூர் அது. பழைய ஊர் டவுன்ஹாலைச் சுற்றி மூன்று கிலோமீட்டருக்குள் இருக்கிறது. வண்டியில் போனால் நெரிசல்தான் கண்ணில் படும், நடந்தால்தான் ஊர் தெரியும்.

காலை 6.15 மணிக்கு டவுன்ஹால் வாசலுக்கு வரச் சொல்லுங்கள். விக்டோரியா ராணியின் பெயரில், சேலம் பகடால நரசிம்மலு நாயுடு முன்னின்று எழுப்பிய மண்டபம். 1892-ல் திறந்தார்கள். மாநகராட்சி மாமன்றம் இன்றும் அங்கேதான் கூடுகிறது. அங்கிருந்து நாலு எட்டு வைத்தால் கோனியம்மன் கோவில். கோவன் என்ற இருளர் தலைவனின் பெயரால்தான் கோவன்புத்தூர் என்று ஊருக்குப் பெயர் வந்தது என்பது இங்கே தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படும் கதை.

அப்புறம் நான் நடத்துவது மாசி நோம்பிக்குக் கோனியம்மன் தேர் போகிற வழி. ராஜவீதி தேர்நிலைத் திடலில் தொடங்கி ஒப்பணக்கார வீதி, வைசியாள் வீதி, கருப்பகவுண்டர் வீதி என்று சுற்றிப் பழையபடி திடலுக்கே வருவோம். இந்த வழியை வேண்டுமென்றே வைத்திருக்கிறேன். எந்தச் சந்து எங்கே பிரிகிறது, எந்தச் சாதிக்காரர்கள், எந்தத் தொழில்காரர்கள் எங்கே குடியேறினார்கள் என்று தேர்வீதியை வைத்துத்தான் விளங்கிக்கொள்ள முடியும். ஒப்பணக்கார வீதியில் அத்தர் ஜமாத் பள்ளிவாசல் முன்னால் நிறுத்துவேன். அத்தர் வியாபாரிகளின் பெயரைத் தாங்கிய பள்ளிவாசல் அது. தேரன்று அந்த வாசலில் நின்று தேர் பார்க்க வந்த சனத்துக்குத் தண்ணீர் பாட்டில் கொடுப்பார்கள். வெயிலில் நானும் வாங்கிக் குடித்திருக்கிறேன். பெரிய கடை வீதியில் புனித மிக்கேல் பேராலயம் இருக்கிறது. மூன்றும் கூப்பிடு தூரம்தான்.

ஏழு மணிக்கு ரங்கே கவுடர் வீதிக்குப் போய்விட வேண்டும். லாரியிலிருந்து மூட்டை இறங்கும் நேரம். கொத்தமல்லி, மிளகாய் வத்தல், வெல்லம் எல்லாம் சேர்ந்து ஒரே நெடி, வருகிறவர்கள் தும்மாமல் போனதில்லை. ஒன்பது மணிக்கு மேல் போனால் இந்த வீதியில் நிற்கவே இடமிருக்காது.

உங்கள் மருமகளுக்கென்று இன்னொன்றும் காட்டுவேன். நகைப் பட்டறைச் சந்துகளில் தங்கம் உருக்கிச் சுத்தம் செய்கிற மராட்டியக் குடும்பங்கள் இருக்கின்றன. அவர்கள் வீட்டு வாசலில் அந்தப் பெண் தன் தாய்மொழியில் ரெண்டு வார்த்தை பேசிவிட்டால், மாமியார் ஊர் அன்னைக்கே அவளுக்குச் சொந்த ஊராகிவிடும். தனியாக ஒரு வழிகாட்டி வைத்துக்கொள்வதே இதற்காகத்தான். முப்பது பேர் கும்பலாக வந்தால் நான் கொடி பிடித்து முன்னால் போக வேண்டியதுதான், யார் எந்த ஊர் என்று கேட்கக்கூட நேரமிருக்காது. நாலு பேர் என்றால் பழமை பேசிக்கொண்டே போகலாம், உங்களுக்குத் தக்கபடி வழியையும் மாற்றிக்கொள்ளலாம். நான் தலைக்கு இவ்வளவு என்று வாங்குவதில்லை. நாலு பேர் வரை ஒரு நடைக்கு 2,500 ரூபாய். யாரிடம் பேசினாலும் முதலில் இரண்டு கேட்டுக்கொள்ளுங்கள்: எத்தனை பேர் சேர்ந்து நடப்போம், இடையில் கடைக்குக் கூட்டிப்போவீர்களா. வடக்கே ஒரு பெரிய நகரத்தில் நானே காசு கட்டித் தனி நடைக்குப் போனேன். அந்த ஆள் ஒரு கம்பளக் கடையில் எங்களை ஐம்பது நிமிடம் உட்கார வைத்துவிட்டார். பார்க்க வந்த பழைய கோட்டைவாசலை ஆட்டோவில் இருந்தபடியே காட்டி முடித்தார். இன்றைக்கு நினைத்தாலும் மனசு ஆறவில்லை.

அப்பாவுக்கு 78 வயது. கோவையில் ஒரு மில்லில் முப்பது வருடம் வேலை பார்த்தவர். மில் மூடியபின் திருப்பூர் வந்துவிட்டோம். முழங்கால் வலி. அவரை இப்படி ஒரு நடைக்கு அழைத்து வரலாமா?
– வாசகர், திருப்பூர்

தாராளமாக அழைத்து வாருங்கள். ஆனால் டவுன்ஹாலுக்கு வேண்டாம், அவர் வேலை பார்த்த மில் இருந்த பக்கமே வாருங்கள். ஆட்டோவில் வந்து இறங்கி, அரை கிலோமீட்டருக்கும் குறைவாக நடந்தால் போதும். மடக்கு நாற்காலி ஒன்று நான் எடுத்து வருவேன்.

போன வருடம் இப்படித்தான் ஒரு பெரியவரை அவர் பேத்தி கூட்டி வந்தாள். மில் இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி வீடுகள். பழைய கேட்டின் ஒரு தூண் மட்டும் மிச்சம். நான் தயார் செய்து வைத்திருந்ததைச் சொல்ல ஆரம்பித்தேன்: 1888-ல் ஸ்டேன்ஸ் மில் வந்தது, 1932-ல் நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையத்து மின்சாரம் வந்த பிறகுதான் அவிநாசி ரோடு, திருச்சி ரோடு, மேட்டுப்பாளையம் ரோடு என்று வரிசையாக மில்கள் எழுந்தன, சுற்றிலும் இருந்த கரிசல் காட்டுப் பருத்தி அதற்குத் தீனி போட்டது. பெரியவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். பிறகு அந்தத் தூணில் கை வைத்து, "இங்கதான் அம்மணி நிப்போம்" என்றார்.

அவர் பதிலி ஆளாகச் சேர்ந்தவர். யாராவது வேலைக்கு வரவில்லை என்றால்தான் பதிலிக்கு அன்று வேலை. ஷிப்ட் சங்கு ஊதுவதற்கு முன்பே வந்து கேட் ஓரம் நிற்க வேண்டும். மேஸ்திரி வெளியே வந்து விரலை நீட்டுவார், நீட்டப்பட்டவன் உள்ளே, மற்றவன் வீட்டுக்கு. அப்படியே நாலு வருடம் நின்றிருக்கிறார். "வேலை இல்லீன்னு சொல்லிட்டு நேரா வீட்டுக்குப் போக மாட்டேன், ஆத்தா வெசனப்படும்னு குளத்தங்கரையில உக்காந்திருந்துட்டுப் போவேன்" என்றார். இதைப் பேத்தி அன்றுதான் முதன்முதலாகக் கேட்கிறாள்.

"ரிங் பிரேம்ல இழை அறுந்தா என்ன செய்வீங்க தாத்தா?" என்று, நூல் நூற்கிற அந்த இயந்திரத்தைப் பற்றி அவள் கேட்டாள். பெரியவர் தோளில் கிடந்த துண்டின் ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவினார். நடுவில் பிய்த்தார். இரண்டு நுனிகளையும் நாக்கில் தொட்டு ஈரமாக்கி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து ஒரே ஒரு திருகு. "இழுத்துப் பாரு கண்ணு." அவள் இழுத்தாள். அறவில்லை. முடிச்சு எங்கே என்று நானும் கண்ணாடியை ஏற்றிவிட்டுத் தேடினேன், விரலுக்கும் தட்டுப்படவில்லை. மில் மூடி எத்தனையோ வருடம் ஆன பிறகும் அந்த விரல்கள் மறக்கவில்லை. அன்று இரண்டு மணி நேரத்தில் நாங்கள் நடந்தது நானூறு மீட்டர் இருக்கும். பத்து வருடத்தில் நான் நடத்திய நடைகளில் அதைவிட நல்லது எனக்கு அமைந்ததில்லை.

ஒரு வேண்டுகோள். அப்பா பேச ஆரம்பித்தால் குறுக்கே பேசாதீர்கள், என்னையும் பேச விடாதீர்கள். உங்கள் போனில் ஒலிப்பதிவை மட்டும் போட்டு வையுங்கள்.

எந்த மாதம் நல்லது? செருப்பு போதுமா, ஷூ வேண்டுமா?
– வாசகி, பல்லடம்

கார்த்திகை முதல் மாசி வரை. ஐப்பசியில் வடகிழக்கு மழை பிடித்துக்கொண்டால் சந்துகளில் தண்ணீர் நிற்கும். கோவில்களில் கழற்ற வேண்டியிருப்பதால் செருப்பே வசதி, வார் பிடிப்பாக இருந்தால் சரி. வெறும் வயிற்றோடு வராதீர்கள், ஒரு காப்பியாவது குடித்துவிட்டு வாருங்கள். டிபன் நடை முடிந்ததும் சாப்பிடலாம்.

மகள் லண்டனில் இருக்கிறாள். எங்களுக்காக மூன்று மணி நேரத் தனி நடைக்கு ஏற்பாடு செய்கிறேன் என்கிறாள். எங்களுக்கு இங்கிலீஷ் அரைகுறை. பேசுவது புரியுமா? அந்த ஊரில் எதைப் பார்ப்பது?
– வாசகர், தாராபுரம்

கட்டாயம் போய் வாருங்கள். அங்கே 'புளூ பேட்ஜ்' என்று ஒரு தகுதி உண்டு. படித்துப் பரீட்சை எழுதித் தேறியவர்கள்தான் அந்த நீல அடையாளத்தைக் குத்திக்கொள்ள முடியும். அப்படி ஒருவரைப் பிடிக்கச் சொல்லுங்கள். நடைக்கு ஒரு வாரம் முன்பே மகளை விட்டு மூன்று வரி எழுதச் செய்யுங்கள்: நாங்கள் தென்னிந்தியாவில் விவசாயக் குடும்பம், மெதுவாகப் பேச வேண்டும், முக்கால் மணிக்கு ஒருமுறை உட்கார இடமும் கழிப்பறையும் வேண்டும். இதைக் கேட்பதில் கூச்சமே வேண்டாம். எனக்கு யாராவது இப்படி எழுதினால் சந்தோஷப்படுவேன், என் வேலை பாதி முடிந்த மாதிரி. புரியாத இடத்தில் "ஸ்லோ பிளீஸ்" என்று கையைக் காட்டுங்கள், போதும்.

மூன்று மணி நேரத்தில் லண்டன் முச்சூடும் பார்க்க நினைக்காதீர்கள். ஒரு பகுதி போதும். நான் போனால் லெடன்ஹால் தெருவைக் கேட்பேன். கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமை அலுவலகம் அங்கேதான் இருந்தது. நம் கொங்கு நாட்டு நிலத்துக்கு எவ்வளவு வரி என்பது கடைசியில் அந்தத் தெருவுக்குக் கணக்காகப் போய்ச் சேர்ந்திருக்கிறது. கட்டடத்தை 1860-களில் இடித்துவிட்டார்கள், அந்த இடத்தில் இன்று லாயிட்ஸ் கட்டடம் நிற்கிறது. பக்கத்திலேயே லெடன்ஹால் மார்க்கெட், கூரை போட்ட பழைய சந்தை.

நடை முடிந்ததும் சுரங்க ரயிலில் சவுத் கென்சிங்டன் போய் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் திப்புவின் புலியைப் பாருங்கள், அப்போது காட்சியில் இருக்கிறதா என்று மட்டும் மகளை முன்கூட்டியே விசாரிக்கச் சொல்லுங்கள். நிரந்தரக் காட்சிகளுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. வெள்ளைக்காரச் சிப்பாய் ஒருவன் மேல் பாய்ந்து நிற்கும் மரப்புலி, வயிற்றுக்குள் இசைக்கருவி. 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தபோது எடுத்துப்போனது. முதலில் அதை அந்த லெடன்ஹால் தெருக் கட்டடத்தில்தான் காட்சிக்கு வைத்திருந்தார்கள். ஸ்ரீரங்கப்பட்டணம் விழுவதற்கு எட்டு வருடம் முன்னால், 1791-ல், திப்புவின் படை நம் கோயமுத்தூர்க் கோட்டையை முற்றுகையிட்டுப் பிடித்தது. அந்தக் கோட்டை இன்று இல்லை, கோட்டைமேடு என்ற பெயரும் கோட்டை ஈஸ்வரன் கோவிலும் இருக்கின்றன. லண்டனில் புலியைப் பார்த்துவிட்டு வந்த பிறகு ஒருநாள் என்னோடு கோட்டைமேட்டில் நடக்க வாருங்கள். அந்த நடைக்கு நான் காசு வாங்க மாட்டேன், புலியைப் பற்றி நீங்கள் எனக்குச் சொல்ல வேண்டும்.

வரலாறு இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். உங்களைப் போல நடை வழிகாட்டி ஆக ஆசை. எங்கே தொடங்குவது?
– மாணவர், கரூர்

தம்பி, உங்கள் ஊரிலேயே தொடங்குங்கள். ஒரே ஒரு வீதியை எடுத்துக்கொண்டு ஒரு மாதம் தினமும் நடங்கள். காலையில் ஒரு நாள், உச்சி வெயிலில் ஒரு நாள், கடை அடைக்கிற நேரத்தில் ஒரு நாள். டீக்கடைக்காரர், பூ கட்டுகிற அக்கா, தையல்காரர், யார் அங்கே முப்பது வருடத்துக்கு மேல் இருக்கிறாரோ அவரிடம் உட்காருங்கள். அப்புறம்தான் புத்தகம். அவர் சொன்னதைப் புத்தகத்தோடும் கல்வெட்டோடும் ஒத்துப் பாருங்கள். ஒத்து வராததை நடையில் சொல்லும்போது "இப்படி ஒரு பேச்சு இருக்கிறது" என்றே சொல்லுங்கள். நடக்க வருகிறவர்கள் நம்மை நம்பிக் கேட்கிறார்கள், அவர்கள் நம்பிக்கையோடு விளையாடக் கூடாது.

எனக்குச் சாமிக்கண்ணு வின்சென்ட்டைப் பற்றிச் சொல்லும்போது இன்றும் கவனம் தேவைப்படுகிறது. திருச்சியில் ரயில்வே வேலை பார்த்தவர், 1905-ல் டுபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடம் படக்கருவியை வாங்கினார், ஊர் ஊராகக் கூடாரம் அடித்துப் படம் காட்டினார், 1914-ல் இங்கே வெரைட்டி ஹால் கொட்டகையைக் கட்டினார். இதற்கு மேல் அவரைப் பற்றிக் காதுக்கு இனிமையாக நூறு கதை உலவுகிறது. கொட்டகை இன்று இல்லை, வெரைட்டி ஹால் ரோடு என்ற பெயர்தான் மிச்சம். வெறும் இடத்தைக் காட்டிப் பேசும்போது கூட்டிச் சொல்லத் தோன்றும். நான் தெரிந்ததோடு நிறுத்திக்கொண்டு, அந்தச் சாலையின் இரைச்சலை வந்தவர்கள் கொஞ்ச நேரம் கேட்கும்படி விட்டுவிடுவேன்.

மார்கழி சனிக்கிழமைகளில் எனக்கு நடை இருக்கிறது. முந்தின இரவே கரூரிலிருந்து ரயில் ஏறிவிடுங்கள், 6.15-க்கு டவுன்ஹாலில் இருக்க வேண்டும். கடைசி ஆளாகப் பின்னால் நடந்து வாருங்கள். நான் பேசுவதைக் குறிக்க வேண்டாம், வந்தவர்கள் எங்கே நின்று திரும்பிப் பார்க்கிறார்கள் என்று மட்டும் குறித்து வையுங்கள். டிபனுக்கு உட்காரும்போது அந்த நோட்டைப் பார்ப்போம்.