வாசகர் கேள்வி பதில்: ‘ஷேட்’ என்பது எந்த நிறம்?

கேள்வி: வீட்டுக்குத் தீந்தை வாங்கப் போனபோது, வெளிர் நிறங்களும் கடும் நிறங்களும் கலந்திருந்த அட்டையைக் கடைக்காரர் ‘ஷேட் கார்ட்’ என்றார். மகளின் சித்திரப் பாடக் குறிப்பிலோ, கறுப்புச் சேர்ந்த நிறம் மட்டுமே ‘ஷேட்’ என்று இருக்கிறது. எது சரி? ‘ஹியூ’, ‘டின்ட்’ ஆகியவற்றையும் விளக்க முடியுமா?
— வாசகி ஒருவர், ஹற்றன்

பதில்: இரண்டும் சரியே, வழங்கும் இடந்தான் வேறு. பொதுப் பேச்சில் ஒரு நிறத்தின் எந்த வகையும், வெளிறியதாயினும் அடர்ந்ததாயினும், ‘ஷேட்’தான். ஓவியக் கலைச்சொல்லாக வரும்போது, ஒரு நிறத்தோடு கறுப்பைச் சேர்த்தால் ‘ஷேட்’, வெள்ளையைச் சேர்த்தால் ‘டின்ட்’, சாம்பல் நிறத்தைச் சேர்த்தால் ‘டோன்’. பரீட்சையில் மகள் எழுத வேண்டியது இந்தப் பொருளையே.

‘ஷேட்’ நிழலைக் குறித்த பழைய ஆங்கிலச் சொல்லின் வழிவந்தது. தேயிலைக்கு நடுவே நாம் வளர்க்கும் நிழல் மரத்துக்கும் ஆங்கிலத்தில் இதே சொல்தான். ‘டின்ட்’ சாயமேற்றுதலைக் குறிக்கும் இலத்தீன் வினையிலிருந்து பிறந்தது. காயத்துக்குப் போடும் ‘டிங்சர்’ மருந்தின் பெயருக்கும் அதுவே வேர்.

ஊன்றிக் கவனிக்க வேண்டியது ‘ஹியூ’. சிவப்பா, மஞ்சளா, பச்சையா என்று கேட்டால் விடையாக வருவது அது. அமெரிக்க ஓவிய ஆசிரியரான ஆல்பர்ட் மன்செல் 1905இல் வெளியிட்ட நூலில், எந்த நிறத்தையும் ஹியூ, வெளிச்ச அளவு, செறிவு என்னும் மூன்றால் குறிக்கும் முறையை வகுத்தார். ஒரு தேயிலைச் செடியின் அருகில் நின்று பார்த்தால் இது தெளிவாகும். முற்றிய இலை கரும்பச்சை. மேலே நிற்கும் கொழுந்தோ மஞ்சள் ஓடிய பச்சை. கொழுந்தை முற்றிய இலையின் வெளிர் வடிவம் என்று எண்ணிக் கரும்பச்சையில் வெள்ளையை மட்டும் குழைத்தால், வெளுத்துப்போன ஒரு பச்சை கிடைக்குமே தவிரக் கொழுந்தின் நிறம் வராது. மஞ்சள் சேர்த்தாக வேண்டும், ஏனெனில் அங்கே ஹியூவே மாறியிருக்கிறது. அதேபோல மஞ்சளில் கறுப்பைக் கலந்தால் ஒலிவ் பச்சை தோன்றும். ஆகவே கறுப்புச் சேர்த்தால் ஹியூ மாறாது என்னும் விதியை மஞ்சளுக்கு அப்படியே பொருத்திவிடக் கூடாது; மகளே இதைக் கலந்து பார்ப்பது நல்லது.

நிறத்துக்கு அப்பாலும் இச்சொற்கள் வரும். ‘எ ஷேட் டார்க்கர்’ என்பதில் ‘எ ஷேட்’ என்றால் ‘சற்றே’ என்று பொருள். ‘ஷேட்ஸ் ஆஃப் மீனிங்’ என்றால் பொருளின் நுண்ணிய வேறுபாடுகள். ‘ஹியூ அன்ட் க்ரை’ என்பதில் உள்ள ஹியூவுக்கோ நிறத்தோடு உறவே இல்லை. அது கூச்சலைக் குறிக்கும், பழைய பிரெஞ்சிலிருந்து வந்த வேறொரு சொல்.

தமிழில் எழுதும்போது ‘ஷேட்’ என்பதற்கு நிறச்சாயல் என்பது பொதுவாகப் பொருந்தும். ஆனால் கிளிப்பச்சை, பாசிப்பச்சை என்று நம்மிடம் பெயர் இருக்குமிடத்தில் ‘பச்சையின் ஒரு சாயல்’ என்று சுற்றிவளைக்காமல் அந்தப் பெயரையே எழுதுங்கள்.