மூடியைத் திறந்தது யார்?

கேள்வி: ஓடிக்கொண்டிருந்த 2 டிபி எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் மேஜையிலிருந்து விழுந்துவிட்டது. அப்பா கடைசி நாட்களில் பேசிய ஒலிப்பதிவுகள், 11 வருடப் படங்கள், நான் செய்யும் கணக்கெழுதும் தொழிலின் கோப்புகள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. இரண்டு மூன்று கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்த்தோம்; டிக் டிக் என்று சத்தம் வந்ததோடு சரி. டேட்டாவை மீட்டுத் தருவதாகச் சொன்ன ஒரு சர்வீஸ் சென்டரில் கொடுத்தோம். 9 நாள் இழுத்தடித்துவிட்டு ‘முடியாது’ என்று திருப்பித் தந்தார்கள். கட்டணத்தையும் விடவில்லை. இப்போது இன்னொரு லேப், ‘இதை யாரோ ஏற்கெனவே திறந்திருக்கிறார்கள், தட்டில் கீறல் இருக்கிறது, ஹெட் மாற்றி முயற்சி செய்யட்டுமா?’ என்று கேட்கிறது. முதல் கடைக்காரர் போனை எடுப்பதே இல்லை. ஒருமுறை எடுத்து, ‘எந்த கோர்ட்டுக்கு வேண்டுமானாலும் போங்கள்’ என்றார். ஒரு கோடி இழப்பீடு கேட்கலாமா? போலீஸில் புகார் கொடுக்கலாமா?

பதில்: லேப்புக்கு இன்னும் சம்மதம் சொல்லிவிடாதீர்கள். ஒரு வாரம் பொறுங்கள். கரண்ட் கொடுக்காமல் வைத்திருக்கும் டிஸ்க் ஒரு வாரத்தில் மேலும் கெட்டுவிடாது. அதற்குள் செய்ய வேண்டிய வேலை இருக்கிறது.

போனை எடுக்காதது, அலட்சியமாகப் பேசியது, 9 நாள் அலையவிட்டது ஆகியவற்றுக்கு மன உளைச்சல் என்ற தலைப்பில் ஏதோ ஒரு தொகை கிடைக்கலாம். வழக்கு அதன்மேல் நிற்காது. போலீஸ் புகாரும் வேண்டாம். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66-வது பிரிவுக்கு நேர்மையற்ற எண்ணமோ மோசடி எண்ணமோ இருந்தாக வேண்டும். வேலை தெரியாமல் கெடுத்தது அதில் வராது. உங்கள் வழக்கில் எடுபடக்கூடிய கேள்வி ஒன்றுதான்: கடையில் கொடுத்தபோது டிஸ்க் எந்த நிலையில் இருந்தது, திரும்பி வந்தபோது எந்த நிலையில் இருந்தது?

நீங்கள் கீறலைப் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். கீறல் உங்களுக்கு உதவாது. ஹெட் என்பது, டேட்டா பதிவாகியிருக்கும் சுழலும் தட்டுக்குச் சில நானோமீட்டர் உயரத்தில் மிதந்தபடி அதைப் படிக்கும் பாகம். ஓடும்போது விழுந்தால் அது தட்டில் மோதி வளைந்துவிடலாம். வளைந்த ஹெட்டோடு மறுபடி கரண்ட் கொடுத்தால், ஒவ்வொரு சுற்றிலும் காந்தப் பூச்சைச் சுரண்டி எடுக்கும். பூச்சு போன இடத்தில் இருந்த டேட்டாவை உலகத்தில் எந்த லேபும் மீட்க முடியாது. அந்த வளையக் கீறல் கடையில் விழுந்ததா, நீங்கள் இரண்டாவது மூன்றாவது கம்ப்யூட்டரில் மாட்டியபோது விழுந்ததா என்று கீறலைப் பார்த்துச் சொல்லிவிட முடியாது. எதிர்த்தரப்பு வக்கீலின் முதல் கேள்வியே இதுவாகத்தான் இருக்கும். புகார் மனுவில் அதை மறைத்துவிடலாம் என்றும் நினைக்காதீர்கள். எந்த டிஸ்க் எப்போது மாட்டப்பட்டது என்ற தடயம் விண்டோஸ் கம்ப்யூட்டரிலேயே தங்கியிருக்கும். நீங்களே முந்திக்கொண்டு எழுதிவிட்டால் அது ஒரு தகவல். அவர்கள் தோண்டி எடுத்தால் நீங்கள் பொய் சொன்னவர்.

உங்களுக்கு உதவக்கூடியவை வேறு. தட்டின் மேல் விரல் ரேகை, உள்ளே நூல், தூசி, மூடித் திருகுகளின் தலை சிதைந்திருப்பது, லேபிளுக்கு அடியில் மறைந்திருக்கும் திருகைத் தேடி லேபிளைக் குத்திய ஓட்டை. இவையெல்லாம் கீழே விழுந்ததால் வரவே வராது. யாரோ கையால் திறந்திருந்தால்தான் வரும். அதிலும் ரேகை, நூல், தூசி மூன்றும், சுத்தக் காற்று மேஜை (தூசி வடிகட்டிய காற்று வீசும் மேஜை) இல்லாமல் திறந்ததைக் காட்டும். ஜாப் ஷீட்டில், அதாவது டிஸ்க்கைக் கொடுத்தபோது கடையில் எழுதிய வேலைச் சீட்டில், ‘சாஃப்ட்வேர் ரெக்கவரி’ (மூடியைத் திறக்காமல் மீட்பது) என்று மட்டும் எழுதியிருந்து, இந்தத் தடயங்களும் இருந்தால், ஒப்படைக்கப்பட்ட பொருளை நிதானமுள்ள மனிதன் தன் பொருளைக் காப்பதுபோல் காக்க வேண்டும் என்ற 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 151-வது பிரிவு உங்கள் பக்கம் வருகிறது. ஜாப் ஷீட்டில் ‘திறக்கச் சம்மதம், அபாயம் வாடிக்கையாளருடையது’ என்ற வரிக்குக் கீழே உங்கள் கையெழுத்து இருந்தால், ‘திறந்தார்கள்’ என்ற வாதம் போய்விடும். ‘எப்படித் திறந்தார்கள்’ என்பது மட்டும்தான் மிஞ்சும்.

இங்கேதான் பலருடைய வழக்கு சரிகிறது. லேப் தட்டில் கீறலைப் பார்த்துவிட்டது என்றால், லேப்பும் மூடியைத் திறந்துவிட்டது என்று அர்த்தம். ‘திறந்ததும் கெடுத்ததும் அவர்கள்தான், எங்களிடமிருந்து நல்லபடியாகத்தான் போனது’ என்பது முதல் கடைக்காரரின் தயாரான பதில். ஆகவே இன்றே லேப்பிடம் கேளுங்கள்: டிஸ்க் வந்து சேர்ந்த அன்று, திறப்பதற்கு முன் எடுத்த படங்கள் இருக்கின்றனவா? லேபிள், சீரியல் எண், திருகுத் தலைகள், காற்றுத் துளை, பிளாஸ்டிக் உறையின் ஓரம் தெரிகிற மாதிரி, தேதியோடு வேண்டும். ஒழுங்கான லேப் எடுத்திருக்கும். இருந்தால் அவற்றுக்கு பாரதிய சாக்ஷ்ய அதிநியம் 2023 (சாட்சியச் சட்டம்), 63-வது பிரிவின்படி மின்னணுப் பதிவுக்கான சான்றிதழும் அவர்களிடமே வாங்கிவிடுங்கள். ஆறு மாதம் கழித்துப் போனால் படம் எடுத்த டெக்னீஷியன் வேலையில் இருக்க மாட்டார். படமே எடுக்கவில்லை என்றால், இனிக் கீழே எழுதியிருப்பதில் சமரசம் பற்றிய பகுதியை மட்டும் படித்தால் போதும்.

அடுத்த சிக்கல் இதைவிடக் கடினம். உங்கள் சாட்சியமும் உங்கள் டேட்டாவும் ஒரே பெட்டிக்குள் இருக்கின்றன. டேட்டா வேண்டுமென்றால் தட்டைத் துடைக்க வேண்டும், பழைய ஹெட்டைக் கழற்றி டோனர் டிஸ்க்கின் (உதிரி பாகத்துக்காக எடுக்கும் அதே மாடல் டிஸ்க்) ஹெட்டை வைக்க வேண்டும். துடைத்த மறுநிமிடம் விரல் ரேகை போய்விடும். அதற்காக வழக்கு முடியும்வரை டிஸ்க்கை அலமாரியில் பூட்டி வைப்பதும் பைத்தியக்காரத்தனம். வருடங்கள் போகும், பொருத்தமான டோனர் கிடைப்பது நாளுக்கு நாள் அரிதாகும்.

வழி இதுதான். முதல் கடைக்கு எழுத்துமூலம் நோட்டீஸ் அனுப்புங்கள்: ‘இன்ன தேதி, இன்ன நேரம், இன்ன லேபில் டிஸ்க் மறுபடி திறக்கப்படுகிறது, உங்கள் ஆளோ நிபுணரோ வந்து பார்க்கலாம், வராவிட்டால் படம் பிடித்துவிட்டு வேலை தொடரும்.’ 7 நாள் அவகாசம் போதும். வந்தால் நல்லது, வராவிட்டால் இன்னும் நல்லது. சாட்சியத்தை அழித்துவிட்டார்கள் என்று பிறகு சொல்ல முடியாது. துடைப்பதற்கு முன் தட்டையும் கழற்றிய ஹெட்டின் நுனியையும் மைக்ரோஸ்கோப்பில் படம் எடுக்கச் சொல்லுங்கள். பழைய ஹெட், ஒரிஜினல் சர்க்யூட் போர்டு, பிளாஸ்டிக் உறை எதையும் குப்பையில் போட விடாதீர்கள். பல எக்ஸ்டர்னல் டிஸ்க்குகளில் யூஎஸ்பி பகுதியும் என்கிரிப்ஷனும் (டேட்டாவைப் பூட்டி வைக்கும் சங்கேத முறை) அந்த போர்டிலேயே இருக்கும். அது தொலைந்தால் தட்டு நன்றாக இருந்தும் பயனில்லாமல் போகலாம்.

நோட்டீஸ் போனதும் கடைக்காரர் இறங்கி வருவார். ‘பழையதைக் கொடுங்கள், புது 2 டிபி தருகிறோம், விஷயத்தை முடித்துக்கொள்வோம்’ என்பார். இதில் விழுந்தவர்கள் நிறைய. பழைய டிஸ்க் கையைவிட்டுப் போனால் டேட்டாவும் போனது, வழக்கும் போனது. கம்பெனி வாரண்டியில் மாற்றிக்கொள்வதும் அப்படித்தான்: கீழே விழுந்ததை வாரண்டி ஏற்பதில்லை, ஏற்றாலும் அது டிஸ்க்குக்குத்தான், உள்ளே இருப்பதற்கு அல்ல.

இனி ஒரு கோடி. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இல் எந்த நுகர்வோர் ஆணையம் (மாவட்டமா, மாநிலமா, தேசியமா) விசாரிக்கும் என்பதை நீங்கள் கேட்கும் தொகை தீர்மானிப்பதில்லை, நீங்கள் செலுத்திய கட்டணம்தான் தீர்மானிக்கிறது. கோடி கேட்டாலும் மாவட்ட ஆணையம்தான். தொலைவான, மறைமுகமான இழப்புக்கு ஒப்பந்தச் சட்டம் 73-வது பிரிவு இடம் தராது. உள்ளே என்ன இருக்கிறது என்று கொடுக்கும்போது எழுதிக் கொடுத்தீர்களா? ஜாப் ஷீட்டில் ‘2 டிபி டிஸ்க் - 1’ என்று மட்டும் இருந்தால், கடைக்காரருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். இன்னொன்றையும் கவனியுங்கள். தொழில் நஷ்டத்தைப் பக்கம் பக்கமாக எழுத எழுத, ‘இது வணிக நோக்கம், இவர் நுகர்வோரே அல்ல’ என்ற வாதத்தை நீங்களே எடுத்துக் கொடுக்கிறீர்கள். சுயதொழில் பிழைப்புக்கு விலக்கு உண்டு; ஆனால் 2019 சட்டத்தில் அந்த விளக்கம் ‘வாங்கிய பொருள்’ என்றுதான் பேசுகிறது, சேவையைச் சொல்லவில்லை. குடும்பப் பதிவுகளை முன்னால் வையுங்கள்.

நேராகச் சொல்கிறேன்: சமரசத்துக்குப் போங்கள். முதல் கடைக்குக் கட்டிய கட்டணம் முழுவதும், லேப் கட்டணத்தில் பாதி. தடயப் படங்கள் பலமாக இருந்தால் லேப் கட்டணம் முழுவதும். படமே இல்லை என்றால் கட்டணம் திரும்பி வந்தாலே வாங்கிக்கொண்டு எழுந்துவிடுங்கள். நேரில் பேச்சு நடக்காவிட்டால் புகாரைப் போட்டுவிட்டு, நுகர்வோர் சட்டத்தின் 37-வது பிரிவின்படி ஆணையத்திடமே மத்தியஸ்தம் கேட்கலாம். புகார் போட, டிஸ்க் திரும்பி வந்த தேதியிலிருந்து 2 வருடம் இருக்கிறது. ஆனால் டேட்டா எவ்வளவு வந்தது என்று தெரியும் முன் ‘முழுமையான, இறுதியான தீர்வு’ என்ற வரிக்குக் கீழே கையெழுத்துப் போடாதீர்கள். லேப் காட்டும் கோப்புப் பட்டியலை நம்பியும் போடாதீர்கள். பெயர்கள் தட்டின் ஓரிடத்திலும் உள்ளடக்கம் வேறிடத்திலும் இருக்கும். பெயர் அத்தனையும் வந்து, திறந்தால் வெறும் பூஜ்ஜியமாக இருக்கலாம். ஒலிப்பதிவை ஓடவிட்டு, கடைசி நொடிவரை கேட்டுப் பாருங்கள்.

லேப்புக்குச் சம்மதம் சொல்லும் நாளில், எந்த ஃபோல்டரை முதலில் எடுக்க வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். கீறல் விழுந்த தட்டில் புது ஹெட்டும் வெகுநேரம் தாங்காது. சில மணி நேரத்தில் போய்விடலாம். படங்கள், கணக்குகள் எல்லாம் பிறகு. அப்பாவின் குரல் இருக்கும் ஃபோல்டர் பெயரை முதல் வரியில் எழுதுங்கள்.